லரூஸி ஊற்றிய ஆயில்

ஸ்பீபா,
6 டிசம்பர் 1992

தம்பி அமாராவுக்கு அண்ணி ஜாஸியா எழுதுவது. ஸலாம்.

என் எழுத்து கோணலாக இருக்கும். மகள் மொனியா பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்ட எழுத்து இது. இதுவரை உனக்கு எழுதியதெல்லாம் உன் அண்ணன் லரூஸி. இனி நான்தான் எழுத வேண்டும். புருஷனைப் பறிகொடுத்தவள் நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது என்பதால் தபால் ஆபீஸ் போனுக்கும் என்னால் வர முடியாது. இதைக் கொண்டுபோய்ப் போடுவது உன் அக்கா ஹஃப்ஸியா.

நேற்று பெரிய டிராக்டர்காரன் பெல்காஸிம் வந்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவன் நேரே கொட்டகைக்குள் போய் நம் டிராக்டரைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தான். சந்தையில் கழுதை பார்க்கிறவன் மாதிரி. பிறகு கதவைப் பார்த்துச் சொன்னான்: "அமாரா எனக்கு வாக்குக் குடுத்துட்டான். உங்க இத்தா முடியட்டும், வந்து ஓட்டிட்டுப் போறேன்."

அது நிஜமா?

வண்டி உன் சம்பாத்தியத்தில் வந்தது. அதை நான் மறுக்கவில்லை. தோட்டம் உன் அண்ணனுடையது, வண்டி உன்னுடையது, இரண்டும் சேர்ந்தால்தான் ஆப்பிள். நம் வரிசைகளுக்குள் நுழைகிற அளவுக்குச் சின்ன வண்டி இந்தப் பக்கத்தில் வேறு இல்லை. உழ வேண்டிய நேரத்தில் உழாமல், மருந்தடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் விட்டால் தோட்டம் எத்தனை நாள் தாங்கும்? தோட்டமும் போனால் நான் மொனியாவின் மாமியார் வீட்டு அடுப்படிக்குத்தான் போக வேண்டும். அந்த அம்மாவை உனக்குத் தெரியும்.

யார் ஓட்டுவது என்று கேட்பாய். நான் ஓட்டுவேன். அறுவடையில் கூடைகளை ஏற்ற மரம் மரமாக வண்டியை நகர்த்திக் கொடுத்தது நான்தான்.

உன் அண்ணன் போனது எப்படி என்று யாராவது உனக்கு ஒழுங்காகச் சொன்னார்களோ என்னவோ. கடைசி வரிசை முடிகிற நேரம். இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, பின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். "கொஞ்சம் மூச்சு வாங்குது. தேத்தண்ணி போட்டுக் கொண்டா" என்றார். நான் போட்டுக்கொண்டு வந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வேறு சத்தமோ வேதனையோ இல்லை. உனக்கு அது ஆறுதலாக இருக்குமென்று எழுதுகிறேன். எனக்கு இல்லை.

வண்டியை விற்காதே.

உன் அண்ணி
ஜாஸியா


கிரெனோபிள்,
21 டிசம்பர் 1992

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. பெல்காஸிமுக்கு வாக்குக் கொடுத்தது நிஜம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தந்தி என் கைக்கு வந்தபோது நான் பட்டறையில் பேருந்துக்கு அடியில் படுத்திருந்தேன். கையைக்கூடக் கழுவாமல் விமான டிக்கெட் வாங்கப் போனேன். அங்கிருந்து தபால் ஆபீசுக்குப் போன் போட்டால், அஸர் தொழுகைக்குப் பிறகே அடக்கம் முடிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஓர் இரவு, ஒரே ஓர் இரவு உங்களால் பொறுக்க முடியவில்லை. மூடிய கபுறைப் பார்க்க எதற்கு வருவதென்று அறைக்குத் திரும்பிவிட்டேன். அதை ஊரில் என்னவாகப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும்.

வண்டியைப் பற்றி. கவனிக்க ஆளில்லாத வண்டி ஒரு குளிர்காலத்தில் பழைய இரும்பாகிவிடும். அண்ணன் இருந்தபோதே என்ன கவனிப்பு? கோடையில் வந்தபோது பார்த்தேனே, கிரீஸ் ஏற்றும் நிப்பிள் எல்லாம் காய்ந்து, முன் அச்சு கிரீச்சிட்டுக்கொண்டு. அதைச் சொன்னதற்கு நான் ஊருக்குப் புறப்படும்வரை அவர் என்னோடு ஒரு தட்டில் கைவைக்கவில்லை. நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

சரி. நீங்கள் செய்வதாக இருந்தால் கீழே உள்ளபடி செய்யுங்கள். செய்தால் பெல்காஸிமை வசந்தம்வரை நிறுத்தி வைக்கிறேன்.

கிரீஸ் கன் சுவரில் ஆணியில் தொங்குகிறது. முன் அச்சு, ஸ்டியரிங் மூட்டுகள், கிளட்ச் பெடல், பின்னால் கலப்பை தூக்கும் கைகள், சுழலும் தண்டின் இரண்டு முனைகள். எங்கெல்லாம் குண்டூசித் தலை மாதிரி ஒரு முனை தெரிகிறதோ அதெல்லாம் நிப்பிள். முதலில் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறீர்கள். ஓரத்தில் பழைய கறுப்பு வெளியே வந்து, அதற்குப் பின்னால் புதிது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். பேட்டரி முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து வாசலின் தடவுங்கள். டீசல் கிண்ணத்தில் தண்ணீர் தங்கியிருக்கும், இறக்கிவிடுங்கள். காற்று வடிகட்டியைத் தட்டித் தூசி எடுங்கள். ஸ்பீபாக் குளிரில் ரேடியேட்டர் உறைந்தால் இஞ்சின் வெடிக்கும், அதனால் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் இஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். அறுவடை முழுக்க ஓடிய ஆயில் அது. மாற்றும் முறையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

அமாரா


ஸ்பீபா,
10 ஜனவரி 1993

தம்பி அமாராவுக்கு,

ஸலாம். ஓர் இரவு உனக்காக வைத்திருக்கலாமா என்று என்னை யார் கேட்டார்கள்? மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாதென்று பெரியவர்கள் சொன்னார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள். உன்னோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஆனால் அதை என் தலையில் போடாதே.

நீ சொன்ன வேலைகளைச் செய்தேன். கொட்டகை நம் முற்றத்துக்குள்ளேயே இருப்பதால் வாசல் தாண்ட வேண்டியிருக்கவில்லை. பனி கொட்டி இரண்டு நாள் கதவையே திறக்க முடியாதபோதும் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் இருந்தால் வருகிறவர்கள் அழச் சொல்கிறார்கள், அழுதால் அழாதே என்கிறார்கள். கொட்டகையில் அப்படி யாரும் இல்லை.

கிரீஸ் கன்னை இரண்டு கையாலும் அமுக்க வேண்டியிருக்கிறது. முதலில் எல்லாம் நிப்பிளுக்கு வெளியே வழிந்தது. முனையை நேராகப் பொருத்தி ஒரு திருப்பு திருப்பினால்தான் பிடிக்கிறது என்று பிறகு புரிந்தது. பழைய கறுப்பு வருகிறது, காய்ந்துபோன ஹரிஸ்ஸா மிளகாய் விழுது மாதிரி கட்டியாக. பிறகு புதிது வருகிறது. நீ சொன்னது சரிதான், அதைப் பார்க்கும்போது மனதுக்கு ஏதோ கொஞ்சம் நன்றாக இருக்கிறது. முன் அச்சின் நடுவில் ஒரு நிப்பிள் மட்டும் எவ்வளவு அமுக்கினாலும் வாங்கவில்லை.

உன் அக்கா ஹஃப்ஸியா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். இத்தாவில் இருப்பவள் மருதாணி போடக் கூடாது, சுர்மா போடக் கூடாது, வாசனை பூசக் கூடாது. "இது என்னடி முழங்கை வரைக்கும்? லரூஸி போனதுக்கு நீ கறுப்பு மருதாணியா போட்டிருக்கே?" என்றாள். "இதுக்கு வாசனை இல்ல மதினி, கூடும்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் இரண்டு பேரும் அழுதோம். சாவுக்குப் பிறகு நான் சேர்ந்து அழுதது அவளோடுதான்.

பேட்டரி, டீசல் கிண்ணம், தண்ணீர், வடிகட்டி எல்லாம் ஆயிற்று.

ஆயில் மாற்றவில்லை. மாற்றப் போவதுமில்லை. அதைக் கேட்காதே.

ஜாஸியா


கிரெனோபிள்,
22 ஜனவரி 1993

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வாங்காத நிப்பிளைக் கழற்றி டீசலில் ஊறப்போட்டு ஊசியால் குத்துங்கள். உள்ளே ஒரு சின்ன உருண்டை இருக்கும், அது அசைந்தால் போதும். அசையாவிட்டால் கடையில் புதிது கிடைக்கும்.

மற்றதெல்லாம் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லாமல் இருக்கக் கூடாது, சொல்கிறேன்.

ஆனால் ஆயில் விஷயத்தில் நீங்கள் எழுதியிருப்பது எனக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் செய்துவிட்டு இதை விட்டால் மற்றவை எதுவும் செய்ததாகக் கணக்கில்லை. அந்த ஆயிலில் அறுவடைக் காலத்துக் கரியும் இரும்புத் தூளும் கிடக்கிறது. அதோடு வசந்தத்தில் உழவு போட்டால் பேரிங்கைத் தின்றுவிடும். இங்கே பட்டறையில் அப்படித் தின்ற இஞ்சின்களை வாரத்துக்கொன்று பிரிக்கிறேன். ஆயில் வடிக்கும் நட்டு இறுகியிருந்தால், கை வலித்தால், ஹஃப்ஸியாவின் புருஷனைக் கூப்பிடுங்கள். வெட்கமென்றால் அவரிடம் நானே சொல்லுகிறேன்.

மாற்றாவிட்டால் வண்டி பெல்காஸிமுக்குத்தான். இத்தா முடிகிற வாரம் வரச் சொல்லியிருக்கிறேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன். அண்ணனுக்கும் இப்படித்தான். வேண்டாமென்றால் காரணம் சொல்ல மாட்டார். வாயை மூடிக்கொள்வார். நீங்களும் அதையே செய்தால் நான் இங்கிருந்து என்ன செய்ய?

அமாரா


ஸ்பீபா,
4 பிப்ரவரி 1993

அமாரா,

காரணம் கேட்டாய். சொல்லக் கூடாதென்று இருந்தேன். உன் மனம் நோகும் என்பதற்காக இல்லை, அப்போது உன் மேல் எனக்கு அவ்வளவு இரக்கம் இருக்கவில்லை. சொன்னால் இது எனக்கு மட்டும் சொந்தமாக இருக்காதே என்றுதான்.

கோடையில் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? நிப்பிள் காய்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. ஆப்பிள் விலை பேச வந்தவர்கள் நிற்கிறார்கள், பெல்காஸிம் நிற்கிறான், ஹஃப்ஸியாவின் புருஷன் நிற்கிறார். நீ ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி அவர்கள் முகத்துக்கு நேராக நீட்டினாய். "பாருங்க, தார் மாதிரி இருக்கு. நான் அங்க பனியில சாகுறேன், இவர் என் வேர்வையை இப்படித்தான் வெச்சிருக்கார்" என்றாய். பெல்காஸிம் சிரித்தான். உன் அண்ணன் உன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். உங்கள் வாப்பா போன பிறகு உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். உன்னோடு சாப்பிடாததற்குக் கோபம் காரணம் என்று நீ நினைத்தாய். கோபமில்லை, அவருக்கு உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீ விமானம் ஏறிய வாரமே அவர் கஸ்ஸரீன் போய்ப் புது ஆயிலும் வடிகட்டியும் வாங்கி வந்தார். வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் படுத்து எல்லாவற்றையும் தனியாகச் செய்தார். நான் விளக்குப் பிடிக்கப் போனதற்கு வேண்டாமென்றுவிட்டார். ஊற்றி முடித்ததும் கம்பியை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தார். தேன் மாதிரி இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அடுத்த தடவை வந்ததும் அமாரா முதல்ல இந்தக் கம்பியைத்தான் உருவுவான். உருவட்டும். அவன் வாயில ஒரு வார்த்தை வராது பாரு" என்றார். அன்றைக்குத்தான் மறுபடியும் சிரித்தார்.

அது அவர் உனக்குக் கொடுத்த பதில், தம்பி. நீ வருவதற்குள் அவர் போய்விட்டார். அறுவடையில் ஓடிக் கறுத்துவிட்டது, எனக்குத் தெரியும். நானும் கம்பியை உருவிப் பார்த்தேன். கறுத்தாலும் அது அவர் கையால் ஊற்றியது. அவர் சட்டைகளை ஹஃப்ஸியா மூன்றாம் நாளே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டாள். செருப்பைக் கொடுத்தாள். இந்த வீட்டில் அவர் கடைசியாக நினைத்து, திட்டம் போட்டுச் செய்த காரியம் இந்த இஞ்சினுக்குள் கிடக்கிறது. அதை நான் எப்படிச் சாக்கடைப் பக்கம் திறந்துவிடுவேன்?

பெல்காஸிமை அனுப்புவதானால் அனுப்பு. ஆயிலோடு ஓட்டிக்கொண்டு போகட்டும். என் கையால் திறக்க மாட்டேன்.

ஜாஸியா


கிரெனோபிள்,
17 பிப்ரவரி 1993

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

பெல்காஸிமுக்கு இல்லையென்று சொல்லியாயிற்று. பட்டறைப் போனிலிருந்து ஊர்த் தபால் ஆபீசுக்குக் கூப்பிட்டு அவனை வரவழைத்துச் சொன்னேன். "என்ன, விலை போதாதா?" என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன்.

அன்று அத்தனை பேருக்கு முன்னால் அப்படிப் பேசினேன் என்பதே எனக்கு மறந்திருந்தது. ஏதோ சொன்னேன், அவர் முறைத்துக்கொண்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீங்கள் எழுதியதும் பெல்காஸிமின் சிரிப்பு காதில் கேட்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆயிலைத் தொடாதீர்கள். நான் முன்னே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். வண்டியைக் கிளப்பவே வேண்டாம். கொட்டகையைப் பூட்டி வையுங்கள். ஆகஸ்டில் எனக்கு விடுமுறை. நேரே கொட்டகைக்கு வருகிறேன். அவர் சொன்னபடியே அந்தக் கம்பியை உருவிப் பார்க்கிறேன். நான் அவர் முகம் பார்க்கவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை. எனக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதன் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

இந்த வருட உழவுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். செலவு என்னுடையது.

உங்கள் இத்தா இந்த வாரத்தோடு முடிகிறது என்று எண்ணிப் பார்த்தேன். அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும். ரமலான் வருகிறது. அவருக்காகத் துஆ கேளுங்கள். எனக்காகவும்.

உங்கள் அமாரா


ஸ்பீபா,
12 மார்ச் 1993

என் தம்பி அமாராவுக்கு அண்ணி எழுதுவது. ஸலாம்.

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் பல தடவை படித்தேன். நீ சொன்னபடி கொட்டகையைப் பூட்டினேன். இத்தா முடிந்ததும் குளித்து, உன் அண்ணன் கபுறுக்குப் போய், உன் பெயரைச் சொல்லி உன் சார்பாக ஒரு பிடி மண்ணைப் போட்டேன். அப்படிப் போடலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

அப்படியே தோட்டத்துக்குப் போனேன். நான்கு மாதத்துக்கு மேல் பார்க்காத தோட்டம். புல் என் முழங்கால் வரை நிற்கிறது. மொட்டு வீங்கிவிட்டது. இப்போது உழாவிட்டால் இருக்கிற ஈரத்தையெல்லாம் புல் குடித்துவிடும். நீ சொன்னபடி வேறு வண்டிக்குச் சொல்லிவிட்டேன். வந்தது யாரென்று நினைக்கிறாய், பெல்காஸிம்தான், தன் பெரிய டிராக்டரோடு. ஒரு வரிசைகூட முடிக்கவில்லை. இரண்டு மரத்தில் தாய்க்கிளையே முறிந்தது, இன்னொன்றில் அடிமரத்துப் பட்டை உரிந்து தொங்கியது. நான் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு முன்னால் நின்றேன். "நானா குற்றம்? உங்க புருஷன் மரத்தை இவ்வளவு நெருக்கி வெச்சிருக்கார்" என்றான். அவனிடம் கோபப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை. உரிந்த பட்டையை என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினேன்.

அந்த மரங்களையும் அவர் கையால்தான் வைத்தார், அமாரா. கட்டிக்கொண்டிருக்கும்போது அது தோன்றியது. ஒன்றைப் பூட்டி வைத்துக் காப்பாற்ற இன்னொன்றை முறிக்க விட்டேன்.

நேற்று நோன்போடு கொட்டகையைத் திறந்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினேன். வண்டி இரண்டு தடவை முக்கி, மூன்றாவதில் கிளம்பியது. ஆயில் இளகட்டுமென்று முற்றத்தில் கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்தினேன். அடியில் அட்டை விரித்தேன். அவர் படுத்த அட்டை கிடைக்கவில்லை, வேறொன்று. படுத்து, நட்டில் ஸ்பேனரைப் போட்டேன். அசையவில்லை. அவர் இறுக்கியது அல்லவா, ஆண் கை. ஸ்பேனரின் முனையைக் காலால் மிதித்ததும் ஒரு சத்தத்தோடு விட்டது. அந்தச் சத்தத்தில் எழுந்து போய்விடலாமா என்று கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். உன்னை நினைத்தேன். நீ வேண்டாமென்றாய். நான் உனக்குத் துரோகம் செய்கிறேனோ என்று நினைத்தேன். பிறகு மிச்சத்தை விரலால் திருகினேன்.

உனக்காகப் பழைய ஆயிலை ஒரு போத்தலில் பிடித்து, மூடி போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். கம்பியை உருவிப் பார்ப்பது மாதிரி இருக்காது. தெரியும். என்னால் முடிந்தது அதுதான். மீதியை வேலிக் கட்டைகளுக்குப் பூசுவேன், கரையான் வராது, அவரும் அப்படித்தான் செய்வார். வடிகட்டியை மாற்றினேன். நட்டுக்குப் புது வாஷர் போட்டேன். புது ஆயில் ஊற்றினேன், நீ தனித்தாளில் எழுதியிருந்தபடியே, இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது. இன்று காலை முதல் நான்கு வரிசை உழுதுவிட்டேன். கோணலாகத்தான் போயிருக்கிறது. ஒரு கிளைகூட முறியவில்லை.

நீ கோபப்படுவாய். கோபப்படு. ஆனால் ஆகஸ்டில் வா.

ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. வேறு யாரிடமும் இதைச் சொல்ல வராது. அன்றைக்கு அவரைக் குளிப்பாட்டியது ஆண்கள். கஃபன் துணி சுற்றி முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள், முகம் மட்டும் திறந்திருந்தது. நெற்றியில் கைவைத்தேன். கல் மாதிரி குளிர்ந்திருந்தது. எங்கள் கல்யாணம் முடிந்து இருபத்தைந்து வருடத்தில் அந்த மனிதர் ஒரு நாளும் குளிர்ந்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அவரை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குளிர்தான் கையில் வந்தது.

நட்டு கழன்றதும் ஆயில் என் கையில் விழுந்து, மணிக்கட்டு தாண்டி முழங்கை வரை ஓடியது. வெதுவெதுப்பாக இருந்தது. சொட்டு நிற்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.

உன் அண்ணி
ஜாஸியா